கமாவுக்கு அடுத்து வர வேண்டிய பேர்

"ஈட்டிங் இட்லி, த போன் ராங்" என்று அண்ணி சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது.

"இன்னாத்துக்கு தம்பி சிரிக்கிற?"

"இல்ல அண்ணி, போனு இட்லி சாப்புட்டுச்சே, தொட்டுக்க சட்னியா சாம்பாரான்னு யோசிச்சேன்."

அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தான் சொன்னதை வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு "அய்யய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மீதி இட்லியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அரியாங்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அண்ணி ஒன்பதாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என்ன பாடம் என்றும் அவர்களே போனில் சொல்லிவிட்டார்கள்: பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ். அதை இங்கிலீஷ் வாக்கியத்தில் தப்பில்லாமல் எப்படிப் போடுவது என்று பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். நன்றாக நடத்தினால் வேலை. இல்லாவிட்டால் அண்ணி இனி எந்தப் பள்ளிக்கூடத்துப் படியும் ஏறப்போவதில்லை. அப்படித்தான் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

அண்ணிக்கு வில்லியனூர் பக்கம். இங்கிலீஷில் எம்.ஏ., அதன்மேல் பி.எட். அவருடைய அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டிப் படிக்க வைத்த படிப்பு அது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் குருவிநத்தத்துக்கு வந்த பிறகு இரண்டு பள்ளிகளில் பாடம் நடத்திக் காட்டினார். இரண்டு இடத்திலும் தலைமை ஆசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணியின் குரல் உள்ளே போய்விட்டது. "நல்லா படிச்சிருக்காங்க, ஆனா பசங்களுக்குக் கேக்கலியே" என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கே கிளம்பினால் வீடு திரும்ப பாதி மாதம் போய்விடும். இரண்டாவது பள்ளியும் வேண்டாமென்று சொன்னபோது அவன் போனில் கோபப்படவில்லை. "இன்னும் ஒரே ஒரு தபா பாரு. அதுவும் ஆவலன்னா வுட்டுடு. வூட்லயே இரேன், இப்ப இன்னா கொறஞ்சி போச்சி?" என்று அன்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் அண்ணி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார். அன்பாகச் சொன்னால் எப்படிச் சண்டை போடுவது? சரி என்றுவிட்டார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் பிளஸ் டூ வரைக்கும் போனவன். படித்தவன் என்று எழுதினால் எங்கள் தெருவே சிரிக்கும். இங்கிலீஷில் போய்விட்டது, மறுபடி எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். உர மூட்டை, வாழைத்தார், கல்யாண வீட்டு நாற்காலி என்று பாகூர் சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் லோடு அடிப்பேன். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் அண்ணி ஒன்பதாம் வகுப்பாக உட்கார வைத்தார். வேறு ஆள் கிடையாது. அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தார், முதல் வாக்கியத்துக்கே அம்மா கொட்டாவி விட்டுவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் புரிந்தவரை பாடம் இவ்வளவுதான். ஒரே ஆள் இரண்டு காரியம் செய்கிறான் என்றால், அதில் ஒன்றை 'இங்' போட்டு முன்னால் வைத்துவிடலாம். வைத்த பிறகு ஒரு கமா. கமாவைத் தாண்டியதும் அந்தக் காரியத்தைச் செய்தவன் வந்து நிற்க வேண்டும். வேறு யாராவது வந்து நின்றுவிட்டால் காரியம் அவன் தலையில் விழுந்துவிடும். நாம் "பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவசொல்ல நாய் கடிச்சிடுச்சி" என்றால் நடந்தது யார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எங்கே கடித்தது, ஊசி போட்டாயா என்றுதான் கேட்பார்கள். அதையே "வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், எ டாக் பிட் மீ" என்று இங்கிலீஷில் இறக்கினால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனது நாய் என்று ஆகிவிடுமாம்.

"அதான் கடிச்சிருக்குது அண்ணி. பஸ்ஸு போயிடும்னு அதுக்கு அவசரம், நீங்க குறுக்க நின்னா?"

"வாய மூடு. 'ஐ' வரணும் தம்பி. வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், ஐ வாஸ் பிட்டன் பை எ டாக். நடந்தவளும் நான், கடி வாங்கினவளும் நான்."

"பாவம் அண்ணி நீங்க."

இதெல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். எழுதச் சொன்னால் தப்பு வராது. வேகமாக வாயால் சொல்லும்போது, அதுவும் யாராவது முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், தமிழ் மாதிரியே ஆளை விட்டுவிட்டு ஓடிவிடுவார். "கட்டிங் த கேன், ரெயின் ஸ்டார்ட்டட்" என்பார். மழை கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் நோட்டை மூடி வைத்துவிடுவார்.

அதற்கு நானே ஒரு வழி செய்தேன். அண்ணி கமா வரைக்கும் சொல்லி நிறுத்த வேண்டும். நான் "யாரு?" என்று கத்துவேன். அவர் அந்த ஆளைச் சொன்ன பிறகுதான் மிச்சம். லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் இருந்தே ஆரம்பித்துவிடுவோம்.

"வாஷிங் த வெசல்ஸ்..."

"யாரு?"

"ஷீ."

"எந்த ஷீ? ஊர்ல எத்தினியோ ஷீ இருக்குது. பேரு சொல்லுங்க அண்ணி. இந்த ஹீயும் ஷீயும் வச்சி நடத்தினா பசங்க தூங்கிடும்."

"எந்தப் பேரு சொல்றது?"

"கிளாஸ்ல இருக்கிற பசங்க பேரு. ஒருத்தன எழுப்பி வுட்டு எதனா செய்யச் சொல்லுங்க. குதிக்கறான், ஆடறான், எதனா. நீங்க போர்டுல கமா வரைக்கும் எழுதுங்க. பசங்கள 'ஹூ'ன்னு கத்தச் சொல்லுங்க. அப்ப அவன் பேரப் போடுங்க. தன் பேரு போர்டுல வந்தா எவன் தூங்குவான்?"

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். "நீயா தம்பி இது?" என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பாடத்தை அப்படியே மாற்றி எழுதினார்.

நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். கொழுந்தன் வாய் சும்மா இருக்குமா?

அண்ணி என் அண்ணன் பேரைச் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பலரும் அப்படித்தான், புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. படித்த பெண்கள் இப்போது சொல்கிறார்கள். அண்ணியும் கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள். அதிலிருந்து "அவரு", "உங்க அண்ணன்", இல்லாவிட்டால் வெறும் இருமல். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் காலண்டரில் இருக்கும் சாமியைக் காட்டுவார். அந்த ஆளும் சாமியைக் கும்பிட்டுவிட்டு எழுதிக்கொள்வான். கல்யாணத்தன்று புதுப்பெண்ணை வாசலில் மறித்து, மாப்பிள்ளை பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று கலாட்டா பண்ணுவது எங்கள் ஊரில் கொழுந்தனுக்கும் நாத்தனாருக்கும் உள்ள உரிமை. அன்றைக்கு அண்ணி கடைசிவரை சொல்லவில்லை, என் கையைக் கிள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் பாக்கி இருந்தது.

அதனால் நான் கமா வரைக்கும் ஒரு வாக்கியம் தயார் பண்ணினேன். "ட்ரைவிங் த லாரி..." என்று இழுத்துவிட்டு, "சொல்லுங்க அண்ணி, யாரு? யாரு ஓட்றது?" என்றேன்.

"ஹீ."

"ஹீ செல்லாது. நீங்கதானே சொன்னீங்க, கமாவுக்கு அப்பால ஆளு வரணும்னு?"

"த டிரைவர்."

"எந்த டிரைவர்? பேரு, பேரு!"

கொல்லையில் இருந்த அம்மா கையில் சாணியோடு உள்ளே வந்தாள்.

"டேய், ஒனக்கு வெளையாட வேற வேல கெடைக்கலியா?"

"பாடம்மா, பாடம்."

"எது பாடம்? வண்டியில போனவன் வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு வயித்துல நெருப்பு. இவன் இன்னான்னா அவன் பேர வச்சி பாடம் நடத்தறானாம்."

அம்மாவுக்கு அது வெறும் சம்பிரதாயம் கிடையாது. அப்பா இருந்தபோது ஏதோ ஒரு வேலையாக பாகூர் ஆபீசுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். வழக்கமாகக் கூட வருகிறவர்கள் பேர் சொல்லுவார்கள், அன்றைக்கு யாரும் போகவில்லை. ஆபீசர் புருஷன் பேரைக் கேட்டுக்கொண்டே இருந்தார், பின்னால் கூட்டம் நெருக்கியது, சொல்லிவிட்டாள். அந்த வருஷமே அப்பா காய்ச்சலென்று படுத்து எழுந்திருக்கவில்லை. நான் அப்போது சின்னப் பையன். "அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று பெரியவனானதும் கேட்டிருக்கிறேன். "சம்பந்தம் இல்லன்னு எனக்கு மட்டும் தெரியாதாடா? ஆனா சொன்னேனே" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை.

அன்றைக்கும் அண்ணிதான் "இல்ல அத்த, நான் சொல்ல மாட்டேன்" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். போகும்போது என் முதுகில் ஒன்று வைத்தார். நல்ல அடி.

வியாழக்கிழமை வந்தது. அம்மா அடுப்பு பற்ற வைக்கும் நேரத்துக்கு அண்ணன் தினமும் போன் பண்ணுவான். அன்றைக்கு வரவில்லை. நாங்கள் போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள். காட்டுவழியில் டவர் இருக்காது, சார்ஜ் போயிருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி புடவைக் கொசுவத்தைச் செருகிவிட்டுப் போனைப் பார்ப்பார், தலையில் பூவை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பார். "ஒரு வார்த்த பேசிட்டு போலாம்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குட்டியானையில் முன்சீட்டைத் துடைத்துப் பழைய பெட்ஷீட்டை விரித்து அண்ணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாகூர் தாண்டி கன்னியக்கோயில் வந்து கடலூர் ரோட்டைப் பிடிக்கும் வரைக்கும் அண்ணி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கிருமாம்பாக்கத்தில் டிராஃபிக்கில் நின்றபோது வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன்.

"வெயிட்டிங் இன் த டிராஃபிக்..."

அவர் புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்த இந்திக்காரியின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் லோடு வண்டியைப் பார்த்ததும் "பொருளெல்லாம் பின் கேட்டு" என்றார். "பொருள் இல்லண்ணா, டீச்சர் எறக்க வந்தேன்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். வகுப்புக்கு வெளியே வராண்டாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக கரும்பலகையும் அண்ணியும் தெரியும், பிள்ளைகளின் முதுகு தெரியும். எல்லோர் சட்டையிலும் பேர் எழுதிய பேட்ஜ் இருக்கும் என்று அண்ணி முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

பிரின்சிபல் வயதான அம்மா. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டு பள்ளிக்கூடத்திலும் இந்த நேரத்தில்தான் குரல் போனது. அண்ணி சாக்பீஸை எடுத்தார். பேச ஆரம்பித்தார். முதல் வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது பாதி கேட்டது. மூன்றாவது கேட்டது.

ஒரு பெண்ணை எழுப்பி ஒற்றைக் காலில் நொண்டச் சொன்னார். "ஹாப்பிங் ஆன் ஒன் லெக்" என்று போர்டில் எழுதி, பெரிய கமாவாகப் போட்டுவிட்டுத் திரும்பினார். வகுப்பு மொத்தமும் "ஹூ?" என்று கத்தியது. அண்ணி பேட்ஜைப் பார்த்து அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லி எழுதினார். "ஸ்கேர்ட் த பிரின்சிபல்" என்று பின்பெஞ்சில் ஒருவன் முடித்து வைத்தான். ஒரே சிரிப்பு. பிரின்சிபலும் சிரித்தார். அடுத்து ஒரு பெண் தலை வாரினாள். அப்புறம் ஒருவன் தூங்கிக் காட்டினான். "ஸ்னோரிங் லவுட்லி" என்று எழுதினார். குரல் நன்றாக வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, குனிந்து என் செருப்பையே கும்பிடலாம் போல இருந்தது.

அடுத்து முன்வரிசையிலிருந்து ஒரு பையன் அவனாகவே எழுந்து ஓடி வந்தான். எந்தப் பையனை எழுப்பிவிட்டாலும் பஸ்தானே ஓட்டுவான், அவனும் ஓட்டினான். கியர் போட்டான், ஹாரன் அடித்தான், வளைந்து வளைந்து போனான். அண்ணி "ட்ரைவிங் எ பஸ்" என்று எழுதிக் கமா போட்டார். "ஹூ?" என்றது வகுப்பு. அண்ணி திரும்பி பேட்ஜைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. குரல் மறுபடி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "ஹூ?" என்று இன்னொரு தடவை கத்தினார்கள். யாரோ ஒரு பையன், "டேய், பிரேக் புடிடா" என்று அவனைப் பேர் சொல்லி அழைத்தான். என் அண்ணன் பேர்.

ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர்தான் அது. அந்த வகுப்பில் ஒருவனுக்கு இருக்கும் என்று நானும் யோசிக்கவில்லை, அண்ணியும் யோசிக்கவில்லை. பேர் போடச் சொன்னதே நான்தான்.

'பாய்னு போடுங்க அண்ணி, த பாய்னு போட்டுட்டு போங்க' என்று மனசுக்குள் கத்தினேன். அவருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். "த பாய்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பசங்களுக்கும் கேட்டிருக்காது.

"ஹி ஹாஸ் எ நேம், மிஸ்" என்றார் பிரின்சிபல். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கையில் பேனா இருந்தது.

அந்தப் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நின்றான். தன் பேர் மட்டும் ஏன் வரவில்லை என்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். கல்யாணத்திலிருந்து எத்தனை தரம் அந்தப் பேரைச் சொல்லச் சொல்லி அவர் உயிரை வாங்கியிருப்பேன்! இப்போது நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வேகமாக ஆட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றே தோன்றிவிட்டது. காலையிலிருந்து போன் எடுக்காத ஆளின் பேர் அது.

அண்ணி போர்டு பக்கம் திரும்பினார். பேரைச் சொன்னார்.

வராண்டாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் குரல் அவ்வளவு பெரியது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொல்லிக்கொண்டே கமாவுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதினார். மிச்சத்தைப் பசங்களிடம் கேட்காமல் அவரே முடித்தார்: "ரீச்ட் ஹோம் சேஃப்லி." பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான். அதன் கீழே ஒரு கோடு போட்டார். பசங்க கை தட்டினார்கள். பையன் சீட்டிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டு இடத்துக்குப் போனான்.

அப்புறம் அண்ணி என்ன நடத்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். "இன்னாப்பா, டென்ஷனா இருக்க?" என்றார் வாட்ச்மேன். "ஒண்ணுமில்லண்ணா, வூட்டுக்குப் பேசறேன்" என்றேன்.

அண்ணி வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "கெடைக்கலியா?" என்றேன்.

"கெடச்சிடுச்சி. திங்கக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. அந்தக் கிளாஸுக்கே கிளாஸ் டீச்சர்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "எடுத்தாரா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வண்டியில் ஏறி, என் போனையும் வாங்கி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். வேலை கிடைத்த ஆளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. ஒரு ஸ்வீட் கடையில் நிறுத்தலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

தவளக்குப்பம் தாண்டும்போது தெரியாத நம்பரிலிருந்து என் போன் அடித்தது. அண்ணி எடுத்துக் காதில் வைத்தார். எடுத்தாரே தவிர ஹலோ சொல்லவில்லை. வண்டியை ஓரம் கட்டி ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"டேய் சின்னவனே, நான்தாண்டா. சார்ஜர் பூட்டுச்சி, பக்கத்து லாரிக்காரன் போன்லேர்ந்து பேசறேன். அவ ஸ்கூலு இன்னா ஆச்சி?"

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான்தான் பேசினேன். "வேல கெடச்சிடுச்சி. நீ எங்க இருக்க? நல்லா இருக்கியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்கு இன்னா? டயருதான் ஒண்ணு வெடிச்சிடுச்சி. பின்னாடி டயரு, அதனால தப்பிச்சோம். இப்பத்தான் மாத்தி முடிச்சோம்."

அண்ணி சட்டென்று போனை வாய்ப்பக்கம் இழுத்தார். "எத்தினி மணிக்கு?"

"இன்னாது?"

"டயரு எத்தினி மணிக்கு வெடிச்சிச்சி?"

"அத வேற மணி பாப்பாங்களா? வெயில் ஏறினப்பறம். வேல கெடச்சிதே, அதப் பத்தி பேசுவியா, டயர் கத கேக்கற!" என்று அண்ணன் சிரித்தான். பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். வைத்துவிட்டான்.

வெயில் ஏறினப்பறம் என்றால் எப்போது? அண்ணி வகுப்பில் நின்றபோதும் வெயில் ஏறித்தான் இருந்தது. நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பியபோதும் ஏறியிருந்தது. ஆனி மாதத்தில் வெயில் எப்போதுதான் ஏறவில்லை? இதை நான் அண்ணியிடம் சொன்னேன். அவரும் "ஆமா தம்பி" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "டயர அத்தகிட்ட சொல்லாத. மத்தத நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"சொல்லணுமா? அம்மாவுக்கு எப்டி தெரியும்?"

"டெய்லி அட்டென்டன்ஸ் எடுக்கணும் தம்பி. டெய்லி சொல்லணும். மறைச்சிட்டு எப்டி போறது?"

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் பேசினான், சார்ஜர்தான் போய்விட்டது என்று நான் கத்திக்கொண்டே இறங்கினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேலை கிடைத்ததைச் சொல்லி, கையோடு வகுப்பில் அந்தப் பேரைச் சொன்னதையும் சொல்லிவிட்டார். தயங்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

அம்மா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பையன வேற ரூமுக்கு மாத்தச் சொல்லக் கூடாதா?"

"நான் புதுசா போறவ அத்த. எப்டி கேக்கறது?"

"வூட்ல கூப்புடற பேரு எதனா இருக்கும் அவனுக்கு. அதச் சொல்லேன்."

"பேட்ஜ்ல இதான் இருக்குது."

"சத்தமாவா சொன்ன?"

"பசங்களுக்குக் கேக்கற மாதிரி சொன்னேன்."

அம்மா எழுந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். உள்ளே போய் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, சாமி படத்தின் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். "போ, கை கால் கழுவிக்கினு சாப்புடு. காலைல சாப்புடாம பூட்ட" என்று அண்ணியிடம் சொன்னாள். அவளுக்குக் கோபமா சம்மதமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் அண்ணியின் டிபன் பாக்ஸை அவள்தான் கட்டினாள்.

முதல் நாள் அண்ணியை நான்தான் கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்குள் நுழைந்தவர் திரும்பி வந்தார்.

"தம்பி, நான் அட்டென்டன்ஸ் எடுக்கற நேரத்துக்கு அவருக்கு ஒரு போன் போட்டுடு. எனக்கு கிளாஸ்ல போன் எடுக்க முடியாது."

"இன்னான்னு பேசறது?"

"எதனா பேசு. எடுக்கறாரான்னு மட்டும் பாரு."

இதையெல்லாம் நான் நம்புகிறவன் கிடையாது. டயர் என்றால் வெடிக்கும். என் வண்டியிலும் வெடித்திருக்கிறது, யாரும் என் பேரைச் சொல்லி வெடிக்கவில்லை. ஆனாலும் இப்போது தினமும் முதல் மணி அடிக்கிற நேரத்துக்கு, லோடு எங்கே ஏறிக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அண்ணனுக்குப் போன் போடுகிறேன். "டேய், தெனம் இன்னாடா ஒனக்கு? காலங்காத்தால வேல வெட்டி இல்லியா?" என்று திட்டுகிறான். "சும்மாதான். சாப்ட்டியா?" என்பேன். "காலைலதானே அம்மா கேட்டுச்சி" என்பான். வைத்துவிட்டு அண்ணிக்கு 'ஓகே' என்று ஒரு மெசேஜ் போடுவேன். அவர் அதை இடைவேளையில்தான் பார்ப்பார்.

சில நாள் மணி போய்க்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டான். மூட்டை ஏற்றுகிறவர்கள் "டேய், வண்டிய எட்றா" என்று கத்துவார்கள். அவன் "இன்னாடா" என்று சொல்லும் வரைக்கும் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.